எக்செல் ஃபைல் பாஸ்வேர்டு மறந்துபோச்சா? கம்ப்யூட்டரை விட்டுட்டு முதல்ல ஆளைப் பாருங்க



திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியோட உயிர் எங்க இருக்குன்னு கேட்டா, ஓவர்லாக் மெஷின்லயோ நிட்டிங் மெஷின்லயோ இல்ல. ஆபீஸ் ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டர்ல, ரெண்டே ரெண்டு எக்செல் ஃபைல்ல இருக்கு. ஒண்ணு காஸ்டிங் ஷீட். நூல் விலை, நிட்டிங் கூலி, டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு அடங்குது, பையருக்கு என்ன ரேட் சொன்னோம், அதுல நமக்கு எத்தனை பைசா நிக்குதுங்கற கணக்கு. இன்னொண்ணு சம்பளக் கணக்கு. யார் எத்தனை ஷிப்ட், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் பாக்கி, சனிக்கிழமை சாயங்காலம் யார் கையில எவ்வளவு கொடுக்கணும்.

டேலி எல்லார்கிட்டயும் இருக்கு. பெரிய கம்பெனில தனி சாஃப்ட்வேரே இருக்கு. ஆனாலும் இந்த ரெண்டு கணக்கும் சுத்திச் சுத்தி எக்செல்லுக்குத்தான் வந்து சேருது. ரெண்டுக்கும் பூட்டு போடறது நியாயம்தான். காஸ்டிங் ஷீட் பக்கத்து கம்பெனிக்குப் போனா அடுத்த ஆர்டர் போச்சு. ஒருத்தர் வாங்கின அட்வான்ஸை இன்னொருத்தர் பார்க்கவும் கூடாது. சிக்கல் என்னன்னா, அந்தப் பூட்டோட சாவி பெரும்பாலும் ஒரே ஒருத்தர் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனா, இல்ல உடம்பு முடியாம படுத்தா, சாவியும் கூடவே போயிடும்.

"பாஸ்வேர்டை உடைக்க ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கா ப்ரோ?" மாசத்துக்கு ஒருத்தராவது என்கிட்ட இதைக் கேட்கறாங்க. இருக்கு, இலவசமாவே இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை நிறைய.

முதல் வேலை, ஃபைலை ஒரு காப்பி எடுத்து பென் டிரைவ்ல வச்சுட்டு ஒரிஜினலைத் தொடாம விடறது. என்ன முயற்சி பண்ணினாலும் காப்பில பண்ணுங்க.

ரெண்டாவது, எந்தப் பூட்டுன்னு பாருங்க. எக்செல்ல பாஸ்வேர்டு கேட்கற முக்கியமான இடம் மூணு இருக்கு. நிறையப் பேர் மூணையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க.

ஃபைல் திறக்குது, நம்பரெல்லாம் தெரியுது, ஆனா ஒரு கட்டத்துல மாத்தி அடிக்கப் போனா விடமாட்டேங்குது. இது ஷீட் ப்ரொடெக்‌ஷன். இதைப் பூட்டுன்னு சொல்றதே அதிகம், வாசல்ல கட்டின கயிறு மாதிரிதான். இந்தக் கால எக்செல் ஃபைல் உண்மையில ஒரு ஜிப் ஃபைல். காப்பியோட பேர்ல கடைசில இருக்கிற எக்ஸ்டென்ஷனை ஜிப்னு மாத்தித் திறந்தா உள்ள ஒவ்வொரு ஷீட்டும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலா இருக்கும். அதுல 'ஷீட் ப்ரொடெக்‌ஷன்'னு ஆரம்பிக்கிற ஒரே ஒரு துண்டை அழிச்சுட்டுத் திரும்பச் சேர்த்தா கயிறு அவிழ்ந்துடும். பாஸ்வேர்டு என்னன்னு தெரிஞ்சுக்கவே தேவையில்ல.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 2010 வரைக்கும் வந்த எக்செல்ல, ஷீட்டுக்கு நீங்க எவ்வளவு பெரிய பாஸ்வேர்டு கொடுத்தாலும் அதைச் சுருக்கி 32,768 எண்கள்ல ஏதோ ஒண்ணாத்தான் சேமிக்கும். அதனால உங்க பாஸ்வேர்டு தெரியாமலே அதே எண் வர்ற வேற ஒரு பாஸ்வேர்டு கிடைச்சா போதும். இன்டர்நெட்ல பல வருஷமா சுத்திட்டிருக்கிற அந்த மேக்ரோவை யாராவது ஓட்டியிருந்தா ஞாபகம் இருக்கும், ஏ-பி-பி-ஏ-ஏன்னு ஒரு உளறலைக் கொடுத்து 'இதுதான் பாஸ்வேர்டு'ன்னு சொல்லும். நாம அப்படியா வச்சோம்னு முழிப்போம். ஆனா பூட்டு திறந்துடும். (சிரிப்பு)

அடுத்தது 'மாத்தி எழுதறதுக்கு மட்டும்' பாஸ்வேர்டு. ரீட் ஒன்லியா திறந்து வேற பேர்ல சேவ் பண்ணிக்கலாம். முடிஞ்சது.

மூணாவதுதான் நிஜப் பூட்டு. ஃபைலைத் தொட்ட உடனே பாஸ்வேர்டு கேட்கும், உள்ள ஒரு எழுத்துகூடத் தெரியாது. இது என்கிரிப்ஷன். சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலை நோட்பேட்ல திறந்தா முதல் ரெண்டு எழுத்து 'பி', 'கே'ன்னு இருக்கும். ஜிப்பை உருவாக்கின ஃபில் காட்ஸோட இனிஷியல் அது. என்கிரிப்ட் ஆன ஃபைல்ல அந்த எழுத்து இருக்காது, ஜிப்பாவும் திறக்காது. அப்படின்னா மேல சொன்ன வித்தை எதுவும் இங்க பலிக்காது.

இதுலயும் ஃபைலோட வயசு முக்கியம். எக்செல் 97, 2000 காலத்து எக்ஸ்எல்எஸ் ஃபைல்னா உங்களுக்கு அதிர்ஷ்டம். அப்போ அமெரிக்கா பலமான என்கிரிப்ஷனை வெளிநாட்டுக்கு விக்கத் தடை போட்டிருந்துச்சு, ஆயுதம் மாதிரி. அதனால சாவியோட நீளம் வெறும் 40 பிட். மொத்தமே சுமார் 1.1 லட்சம் கோடி சாவிதான். கேட்கப் பெருசா இருக்கும், ஆனா இன்னைக்கு ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கு இது ஒரு நாள் வேலைகூட இல்ல. பாஸ்வேர்டு என்னவா இருந்தாலும் சரி, சாவி கிடைச்சுடும். எக்ஸ்போர்ட் விதி ஒண்ணு நம்ம எக்ஸ்போர்ட் ஊர்ல பழைய ஃபைலைத் திறக்க உதவுதுன்னா பாருங்க.

2007-க்கு அப்புறம் கதை மாறிடுச்சு. மைக்ரோசாஃப்ட் ஏஇஎஸ்ஸுக்கு மாறினாங்க. அதைவிட முக்கியமானது, பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற வேலையை வேணும்னே மெதுவாக்கினாங்க. நீங்க அடிக்கிற பாஸ்வேர்டை ஒரு கணக்குல போட்டு அரைச்சு, வந்ததை மறுபடி அரைச்சு, இப்படி 2007 ஃபைல்னா 50,000 தடவை, 2010-ல இருந்து 1,00,000 தடவை அரைச்ச பிறகுதான் சரியா தப்பான்னு சொல்லும். 2013-ல அரைக்கிற கல்லையும் இன்னும் கனமானதா மாத்திட்டாங்க. சரியான பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆளுக்கு இந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியாது. யூகிச்சு யூகிச்சுப் போடற ஆளுக்கு ஒவ்வொரு யூகத்துக்கும் ஒரு லட்சம் தடவை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்ககிட்ட நல்ல கேமிங் கம்ப்யூட்டர் இருக்கு, விநாடிக்கு 10,000 பாஸ்வேர்டு முயற்சி பண்ணுதுன்னு வச்சுக்குவோம். 8 எழுத்து, சின்ன எழுத்தும் நம்பரும் மட்டும்னா, எல்லாத்தையும் போட்டுப் பார்க்க கிட்டத்தட்ட 9 வருஷம். பெரிய எழுத்து, ஸ்பெஷல் கேரக்டர் எல்லாம் சேர்ந்தா 21,000 வருஷம். கீழடியே அவ்வளவு பழசு இல்லைங்க.

"அப்போ முடியாதா ப்ரோ?" எல்லாத்தையும் போட்டுப் பார்க்கறதா இருந்தா முடியாது. ஆனா மனுஷங்க பாஸ்வேர்டை எல்லாத்துல இருந்தும் எடுக்கறதில்ல. அவங்க வாழ்க்கையில இருந்து எடுக்கறாங்க.

நார்வேல 2002-ல நடந்தது இதுக்கு நல்ல உதாரணம். அங்க இவார் ஓசன் பேர்ல ஒரு மொழி, பண்பாட்டு மையம் இருக்கு. ரெய்டார் டியூபெடால்ங்கற மொழியியல் பேராசிரியர் சேர்த்து வச்சிருந்த பெரிய புத்தகத் தொகுப்போட கேட்டலாக் அவங்ககிட்ட வந்து சேர்ந்துச்சு. பல ஆயிரம் தலைப்பு. ஆனா அது பாஸ்வேர்டு போட்ட டேட்டாபேஸ், மனுஷன் இறந்துட்டார். மையம் இன்டர்நெட்ல பகிரங்கமா உதவி கேட்டுச்சு. சில மணி நேரத்துலயே பதில் வந்துடுச்சு. தன் குடும்பப் பேரை அப்படியே தலைகீழா எழுதி வச்சிருந்தார், அவ்வளவுதான். 8 எழுத்து. எழுத்தெழுத்தா மாத்திப் போட்டுப் பார்க்கிற ஆளுக்கு அது பல்லாயிரம் கோடியில ஒண்ணு. ஆளைப் பத்தி யோசிக்கிற ஆளுக்கு முதல் பத்து யூகத்துக்குள்ள வந்துடும்.

நம்ம ஊர்க் கதைக்கு வரேன். 15 வேலம்பாளையம் பக்கம் பவர்டேபிள் யூனிட் வச்சிருக்கிற ஒரு குடும்பம், பையன் எனக்குக் காலேஜ் ஜூனியர். சம்பளக் கணக்கு ஃபைல் பூட்டிக்கிச்சு. கணக்குப் பார்த்தவர் பதினோரு வருஷம் வேலை பார்த்துட்டு சொந்த ஊருக்குப் போயிட்டார். தீபாவளிக்கு இன்னும் அஞ்சு வாரம்தான். போனஸ் கணக்குப் போட வருஷம் முழுக்க யார் எவ்வளவு வாங்கினாங்கன்னு வேணும், அட்வான்ஸ் பாக்கியைக் கழிக்கணும். ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள்ல சில பேர் தங்களோட ஷிப்ட்டைச் சின்ன நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க. கைமடி அக்காக்கள்ல பல பேர் வைக்கல. ஃபைல் திறக்காம முதலாளி தோராயமா போட்டா யார் வாய் பேசுவாங்களோ அவங்களுக்குச் சரியா வரும், பேசாதவங்களுக்குக் குறையும். பாஸ்வேர்டுங்கறது வெறும் டெக்னிக்கல் பிரச்சனையா இல்லாம போறது இந்த இடத்துலதான்.

"அவருக்கு போன் போட்டீங்களாடா?"ன்னு கேட்டேன். அமைதி. அப்புறம்தான் விஷயம் வந்துச்சு. அவர் கிளம்பும்போது கடைசி மாசச் சம்பளத்துல தகராறு, பாக்கி இருக்கு. அதனால கூப்பிட சங்கடம். நான் சொன்னது ஒண்ணுதான், "முதல்ல அந்தப் பாக்கியை அனுப்பச் சொல்லு, அப்புறம் போன் போடு." அவங்க அப்பாவுக்கு அது பிடிக்கல, ஆனா அனுப்பினார். போன்ல அவர் சொன்ன பதில், "அண்ணா பேர்ல எனக்குக் கோபம் எல்லாம் இல்லீங்க தம்பி. நிஜமாவே ஞாபகம் இல்லீங்க. உக்காந்தா கை தானா போடும்."

இதை நான் முழுசா நம்பறேன். பல வருஷமா தினமும் அடிச்ச பாஸ்வேர்டு விரல்ல தான் இருக்கும். ஆளை அதே கீபோர்டு முன்னாடி உட்கார வைக்க முடிஞ்சா பாதி கேஸ் அங்கயே முடிஞ்சுடும். லேப்டாப்ல முடியாது, ஏன்னா வலது பக்க நம்பர் பேட் இருக்காது, கை தடுமாறும்.

அவரால வர முடியல. அதனால போன்லயே பேசிப் பேசி ஒரு லிஸ்ட் எடுத்தோம். பிள்ளைங்க பேர், வீட்ல கூப்பிடற பேர், குலதெய்வம், பழைய மொபெட் நம்பர். திருப்பூர் வண்டின்னா டிஎன் 39, டிஎன் 42 ரெண்டுல ஒண்ணு. அப்புறம் எந்த வருஷம் பாஸ்வேர்டு வச்சார், கடைசில அட் போடுவாரா, ஹேஷ் போடுவாரா, முதல் எழுத்து பெருசா?

இங்க நம்ம மொழிக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. தமிழ்ப் பேரை இங்கிலீஷ்ல எழுதறப்போ ஸ்பெல்லிங் ஆளுக்கு ஆள் மாறும். திருப்பூரையே எடுத்துக்கங்க. முதல்ல டி மட்டுமா, டி-யும் ஹெச்சுமா? நடுவுல பி ஒண்ணா, ரெண்டா? அங்கயே நாலு விதம் ஆச்சு. ழகரத்துக்கு இசட்-ஹெச்சா எல்லா? நெடில் வந்தா ரெண்டு எழுத்தா? வெளிநாட்டு டிக்‌ஷனரி ஃபைலை வச்சு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொரு பேருக்கும் எல்லா ஸ்பெல்லிங்கும் நாமதான் எழுதணும். தமிழ் டைப் பண்ற ஆளா இருந்தா இன்னொண்ணும் கேளுங்க, பாஸ்வேர்டு வைக்கும்போது கீபோர்டு தமிழ்ல இருந்துச்சா, கேப்ஸ் லாக் போட்டிருந்ததான்னு.

அதோட, பாஸ்வேர்டு எப்படி வைக்கணும்னு நமக்கெல்லாம் அரசாங்கமே ஒரு பழக்கம் பண்ணி விட்டிருக்குன்னு நினைக்கறேன். ஆதார் பிடிஎஃப் திறக்கப் பேரோட முதல் நாலு எழுத்து, பிறந்த வருஷம். வருமான வரி ஏஐஎஸ் திறக்க பான் நம்பர், பிறந்த தேதி. தினமும் இதையே அடிக்கிற ஆபீஸ் ஆள் தன் சொந்த ஃபைலுக்கும் அதே அச்சுல ஒண்ணு வச்சா ஆச்சரியமில்ல.

இப்போ கணக்கைத் திரும்பப் பாருங்க. ஸ்பெல்லிங் எல்லாம் சேர்த்து 200 பேர். பெரிய எழுத்து, சின்ன எழுத்து விதம் 4. பின்னாடி வர்ற நம்பர் 100. கடைசிக் குறி 5. மொத்தம் 4 லட்சம். விநாடிக்கு 10,000 போடற மெஷின்ல 40 விநாடி. விநாடிக்கு 100 தான் போடும்ங்கற பழைய ஆபீஸ் லேப்டாப்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. 21,000 வருஷம் எங்க, இது எங்க.

அந்த ஃபைல் ரெண்டாவது லிஸ்ட்ல திறந்துச்சு. பொண்ணோட செல்லப் பேர், ஒரு எழுத்து கூடுதலா, மொபெட் நம்பர் நாலு இலக்கம், கடைசில அட். முதல் லிஸ்ட்ல அந்தக் கூடுதல் எழுத்து இல்ல.

டூல் பேர் கேட்பீங்க. ஜான் தி ரிப்பர், ஹேஷ்கேட். ரெண்டும் இலவசம், ஓப்பன் சோர்ஸ். முதல்ல ஜான் தி ரிப்பரோட வர்ற 'ஆபீஸ்-டு-ஜான்'ங்கற சின்ன புரோகிராம் ஃபைல்ல இருந்து ஒரு வரியைப் பிரிச்சு எடுக்கும். யூகத்தை அந்த வரியோட மட்டும்தான் ஒப்பிடுவோம். அதுல உங்க சம்பளக் கணக்கு, ரேட் எதுவும் இருக்காது. அதனால வெளியாள்கிட்ட உதவி கேட்கணும்னா ஃபைலைக் கொடுக்காதீங்க, அந்த வரியையும் யூக லிஸ்டையும் மட்டும் கொடுங்க. பாஸ்வேர்டு அவர் கைக்குக் கிடைச்சாலும் திறக்க ஃபைல் அவர்கிட்ட இருக்காது. அதே பாஸ்வேர்டை மெயிலுக்கோ பேங்குக்கோ வச்சிருந்தா அதையெல்லாம் உடனே மாத்திடுங்க.

'இங்க அப்லோட் பண்ணுங்க, திறந்து தர்றோம்'னு சொல்ற வெப்சைட் பக்கம் மட்டும் போகாதீங்க. இதுல நான் கறாரா இருக்கேன். பையர் ரேட், தொழிலாளிங்க பேங்க் அக்கவுண்ட் நம்பர், ஆதார் நம்பர் எல்லாம் இருக்கிற ஃபைலை முன்னப்பின்ன தெரியாத சர்வருக்கு அனுப்பறீங்க. திறந்தாலும் தோல்வி, திறக்கலைன்னாலும் தோல்வி.

உடைக்கறதுக்கு முன்னாடி தேடவும் செய்யுங்க. பூட்டு போடறதுக்கு முன்னாடி அந்த ஃபைல் ஆடிட்டருக்கு மெயில்ல போயிருக்கலாம். ஒன்டிரைவ்ல பழைய வெர்ஷன் இருக்கலாம். வேற கம்ப்யூட்டர்ல காப்பி, வாட்ஸ்அப்ல அனுப்பின பிடிஎஃப், பிரிண்ட் எடுத்து ஃபைல் பண்ணின பேப்பர். சனிக்கிழமை பிரிண்ட் எடுக்கிற வழக்கம் உள்ள கம்பெனில கடைசி வாரப் பேப்பர் கிடைச்சாலே அட்வான்ஸ் பாக்கி தெரிஞ்சுடும்.

ஒரு சட்ட விஷயம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, 66. உரிமையாளர் அனுமதி இல்லாம அடுத்தவர் கம்ப்யூட்டர்லயோ டேட்டாலயோ கெட்ட நோக்கத்தோட கை வச்சா 3 வருஷம் வரை சிறை, இல்ல 5 லட்சம் ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டும். கம்பெனி ஃபைலுக்கு முதலாளி எழுத்துல அனுமதி கொடுக்கட்டும், ஒரு மெயில் போதும். அதே கம்ப்யூட்டர்ல அந்தக் கணக்குப்பிள்ளையோட சொந்த ஃபைலும் இருக்கும், அதைத் தொடாதீங்க. "ஃப்ரெண்டோட லேப்டாப்ல ஒரு ஃபைல் இருக்கு ப்ரோ"ன்னு மெசேஜ் பண்ற தம்பிங்களுக்கு நான் பதில் போடாததுக்குக் காரணமும் இதுதான்.

கடைசியா, இனிமே என்ன பண்றது. மைக்ரோசாஃப்ட்டே ஒரு வழி வச்சிருக்காங்க, பேர் டாக்ரீகிரிப்ட். நீங்க வைக்கிற பாஸ்வேர்டு நேரா ஃபைலைப் பூட்டறதில்ல. ஃபைலைப் பூட்டறது ஒரு ரேண்டம் சாவி, உங்க பாஸ்வேர்டு அந்தச் சாவியைத்தான் பூட்டுது. அந்தச் சாவிக்கு இன்னொரு காப்பி எடுத்து கம்பெனியோட சர்டிபிகேட்டால பூட்டி அதே ஃபைலுக்குள்ள வச்சுட்டா, பாஸ்வேர்டு மறந்தாலும் ஐடி ஆள் திறந்து கொடுக்கலாம். ஆனா இதைப் பாஸ்வேர்டு போடறதுக்கு முன்னாடியே செட் பண்ணியிருக்கணும், ஐடி டிபார்ட்மென்ட் இருக்கிற பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத்தான் இது சரிப்படும்.

பத்து மெஷின் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு பேப்பர் போதும். பாஸ்வேர்டை எழுதி, கவர்ல ஒட்டி, கையெழுத்துப் போட்டு, பணம் வைக்கிற பீரோவுல வைங்க. பீரோவுக்கு எப்பவும் ரெண்டு சாவி செய்யறோம்ல. பாஸ்வேர்டு மாத்தினா கவரையும் மாத்தணும், அதை யார் பண்றதுன்னு ஒருத்தரை முடிவு பண்ணிக்கங்க. புது பாஸ்வேர்டு வச்ச உடனே பழைய ஃபைலை அழிக்காதீங்க. எழுதி வச்ச அந்தப் பேப்பரைப் பார்த்து, வேற ஒருத்தர், வேற ஒரு கம்ப்யூட்டர்ல ஒரு தடவை திறந்து பார்க்கட்டும். எழுத்து புரியுதா, சைபரா ஓ-வா, ஒண்ணா எல்லான்னு அப்போ தெரிஞ்சுடும்.

பிடிஎஃப் பாஸ்வேர்டு பத்தி மூணு பேர் கேட்டிருக்கீங்க, அது அடுத்த வாரம்.